வெல்டராக இருந்து சூப்பர்வைசர் ஆனேன். அடுத்து காண்ட்ராக்ட் எடுக்கலாமா?

கருப்புக்கண்ணாடி

பதினோரு வருடம் வெல்டர். நான்கு மாதமாகச் சூப்பர்வைசர். என் கீழே ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் எனக்கு வெல்டிங் ராடு பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். பையன் ஒருவன் போட்ட வெல்டில் ஊசி ஊசியாகத் துளை. "தள்ளு" என்று சொல்லிவிட்டு நானே உட்கார்ந்து, கிரைண்ட் பண்ணி, மறுபடி அடித்தேன். ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். முகமூடியைத் தூக்கிப் பார்த்தால், பட்டறையின் மறுகோடியில் துண்டுகளைப் பொருத்தும் ஃபிட்டர் நான்கு பிரேமுக்கு டேக் (பிடித்து நிறுத்தும் சின்னச் சின்ன வெல்ட்) போட்டு முடித்து வைத்திருந்தார். நான்கும் கை மாறி. இடது பக்கம் வரவேண்டிய பிராக்கெட்டெல்லாம் வலது பக்கம். டிராயிங் வந்தது மூன்றாம் கோண முறையில், அவர் வழக்கம்போல் முதல் கோணமாகப் படித்துவிட்டார்.

முதலாளி கேட்டது ஒரே கேள்விதான்: "நீ அப்போ எங்கே இருந்தே?" வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

இது முதல் விஷயம். இரண்டாவது, அதே முதலாளி இப்போது, "நீயே ஆள் வைத்து லேபர் காண்ட்ராக்டாக எடுத்துக்கொள், செய்து முடித்த எடைக்குக் கிலோ கணக்கில் கூலி தருகிறேன்" என்கிறார். திட்டிய மறுநாளே இப்படிச் சொன்னதுதான் புரியவில்லை. ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சுத்தியல்2

முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டு. மற்றதெல்லாம் அப்புறம்.

பழையஃபிட்டர்

சுத்தியல் ஒரு வரியில் சொன்னதை நான் பத்து வரியில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே தம்பி.

முகமூடி இறங்கியதும் உன் கண்ணுக்குத் தெரிவது கட்டைவிரல் அகல வெளிச்சம். காதில் ஆர்க் (மின்பொறி) சத்தம். மற்ற எட்டுப் பேர் என்ன செய்கிறார்கள் என்பது உனக்குத் தெரியவே தெரியாது. ஒரு வெல்டை நீ சரி செய்தாய், நான்கு பிரேம் போயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பையனுக்கும் எதுவும் வந்து சேரவில்லை. ஏன் துளை விழுந்தது என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. ராடு ஈரமா, பிளேட்டில் எண்ணெயா, ஆர்க்கை நீட்டிப் பிடித்தானா? 7018 ராடு என்றால் டப்பா திறந்து நாள் முழுக்க வெளியில் கிடந்ததா என்று முதலில் கேட்டிருப்பேன். அது ஈரம் குடிக்கும். உலர்த்தும் பெட்டியில் சூடாக இருக்கவேண்டிய சரக்கு.

டிராயிங் விஷயத்துக்கு வருவோம். தலைப்புக் கட்டத்தில் ஒரு வெட்டுக்கூம்பும் இரண்டு வட்டமும் போட்ட குறி இருக்கும். டிராயிங் கைக்கு வந்ததும் அளவுகளைப் படிக்காதே, அந்தக் குறியைப் பார். முதல் கோணத்தில் இடமிருந்து பார்க்கும் தோற்றத்தை வலது பக்கம் வரைவார்கள். மூன்றாம் கோணத்தில் இடதை இடதிலேயே வரைவார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் இதில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். நான் சிவப்புப் பேனாவால் பெரிதாக "3" என்று எழுதிவிட்டுத்தான் ஃபிட்டரிடம் கொடுப்பேன்.

கொடுத்ததும் "புரிந்ததா?" என்று கேட்காதே. யாரும் புரியவில்லை என்று சொல்லமாட்டார்கள். "எந்தப் பக்கம் வைக்கப் போறீங்க, காட்டுங்க" என்று கேள். சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக் காட்டச் சொல். இரண்டு நிமிட வேலை.

முதல் பீஸ் டேக் ஆனதும் வேலை நிற்கவேண்டும். நீ வந்து இரண்டு மூலைவிட்டமும் பிடித்துப் பார்த்து, கை சரியா என்று பார்த்து, சாக்பீஸில் டிக் போடும்வரை இரண்டாவது பீஸுக்கு ஆங்கிள் வெட்டக்கூடாது. உன் கதையில் நான்கு பிரேம் கெட்டதற்குக் காரணம் ஃபிட்டர் இல்லை. முதலாவது முடிந்ததும் யாரும் நிறுத்தவில்லை, அதுதான் காரணம்.

மூலைமட்டம்

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. ஒன்பது பேர் வேலை செய்கிற பட்டறையில் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு சுற்றினால் அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசியுங்கள். அவரைச் சூப்பர்வைசர் ஆக்கியதே கை நன்றாக இருந்ததால்தான். கை வேலையை விட்டுவிட்டால் ஒரு வருடத்தில் "அவனுக்கு என்ன தெரியும்" என்று பேச்சு வரும். எனக்கு வந்தது. ஓவர்ஹெட் பொசிஷனில், தலைக்குமேல், ஒரு ஜாயின்ட் யாராலும் ஆகவில்லை, நான் ஏறிப் போட்டேன், அன்றைக்குத்தான் பேச்சு அடங்கியது.

பழையஃபிட்டர்

@மூலைமட்டம் போட்டுக் காட்டுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லையே. வீணாய்ப்போகிற ஒரு துண்டில் பத்து நிமிடம் அடித்துக் காட்டு, பையன் பக்கத்தில் இன்னொரு முகமூடி போட்டுக்கொண்டு பார்க்கட்டும். அது சொல்லிக்கொடுப்பது. அவன் வேலையை நீ வாங்கி முடித்துக் கொடுப்பது வேறு. முதலாவதில் நாளைக்கு உனக்கு இன்னொரு வெல்டர் கிடைப்பான். இரண்டாவதில் அவன் கைகட்டி நிற்பான், நீ வேர்ப்பாய்.

கருப்புக்கண்ணாடி

இருவருக்கும் நன்றி. "கை கட்டி நிற்பான்" என்றது அப்படியே உண்மை. அந்தப் பையன் அன்றைக்கு ஒன்றரை மணி நேரமும் போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னொரு தலைவலி. எனக்குக் கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர், டிராயிங்கில் 6 மி.மீ ஃபில்லட் (இரண்டு பிளேட் சேரும் மூலையில் போடும் முக்கோண வெல்ட்) என்று இருந்தால் 10 போடுவார். "கூடக் கொடுத்தா பலம்தானே, குறைச்சாத்தான் தப்பு" என்பார். அவர் கையைப் பிடித்து வளர்ந்தவன் நான். எப்படிச் சொல்வது? பிளேட் வேறு வளைந்துவிடுகிறது, அதை நிமிர்த்த இரண்டு பேர் தனியாகக் கேஸ் வைத்துச் சூடு காட்டுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை

நான் எஸ்டிமேஷன் பார்க்கிறவன், எனக்குப் பிடித்த கேள்வி.

லெக் என்பது அந்த முக்கோணத்தின் பக்கம். 6 லெக் ஃபில்லட்டின் குறுக்குப் பரப்பு 18 சதுர மி.மீ. 10 லெக் என்றால் 50. ஒரு மீட்டர் வெல்டுக்கு முதலாவது ஏறக்குறைய 140 கிராம் உலோகம், இரண்டாவது 390 கிராமுக்குமேல். கிட்டத்தட்ட 2.8 மடங்கு ராடு, 2.8 மடங்கு நேரம். பலம் மட்டும் அந்த அளவுக்குக் கூடாது, லெக் எவ்வளவு கூடியதோ அவ்வளவுதான், 1.67 மடங்கு. அதுவும் காகிதத்தில். பிளேட் அதற்கு முன்பே விட்டுக்கொடுக்கும் என்றால் அந்தக் கூடுதல் பலம் யாருக்கு? நீங்கள் சொன்ன வளைவும் இதே கணக்கின் வால்தான். ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கி இழுக்கிறது. கூட ஊற்றினால் கூட இழுக்கும்.

ஆனால் இந்தக் கணக்கை அண்ணனிடம் போய்ச் சொல்லாதீர்கள். தோற்றுப்போவீர்கள். ஒரே பிளேட்டில் வெட்டிய இரண்டு டி-ஜாயின்ட் (ஒரு பட்டைமேல் இன்னொன்று செங்குத்தாக நிற்பது) எடுங்கள், ஒவ்வொன்றும் ஒரு மீட்டர். ஒன்றில் 6, இன்னொன்றில் 10. இரண்டையும் அவர் கையாலேயே ஒரு பக்கம் மட்டும் போடச் சொல்லுங்கள். ஆறியதும் நேர்ப்பட்டையை வைத்து அவரையே பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம்.

இப்போது கிலோ கணக்கு. இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள். ஒரு டன் என்றால் ஒரு டன் வேலை என்று நினைக்காதீர்கள். 20 மி.மீ பிளேட் ஒரு சதுர மீட்டர் 157 கிலோ. அதில் செய்த கனமான தூண் என்றால் அடியில் ஒரு பிளேட், தலையில் ஒரு பிளேட், நடுவில் சில விறைப்புப் பட்டை, ஒரு டன் சீக்கிரமாக ஆகிவிடும். இப்போது கைப்பிடிக் கிராதி எடுங்கள். 48.3 வெளிவிட்டம், 3.2 கனமுள்ள குழாய் மீட்டருக்கு 3.56 கிலோ. ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 280 மீட்டர் குழாய். குழாய்மேல் குழாய் உட்கார ஒவ்வொரு முனையையும் வளைத்து வெட்டவேண்டும், சுற்றி அடிக்கவேண்டும், கை வைத்துப் பிடிக்கிற இடம் என்பதால் வழவழப்பாகத் தேய்க்கவும் வேண்டும். நூற்றுக்கணக்கில் ஜாயின்ட். இரண்டுக்கும் ஒரே கிலோ ரேட் என்று ஒத்துக்கொண்டால் முதல் மாதம் சிரிப்பீர்கள், கிராதி வந்த மாதம் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கடன் தேடுவீர்கள்.

நான் கணக்குப் போடும்போது கிலோவைக் கடைசியில்தான் பார்ப்பேன். எத்தனை பீஸ், எத்தனை வெட்டு, எத்தனை துளை, எத்தனை மீட்டர் வெல்ட், எத்தனை தடவை திருப்பிப் போடவேண்டும், இதிலிருந்து மணி நேரம். அப்புறம் மணியைக் கிலோவால் வகுத்து, கேட்கிறவருக்குப் பிடித்த மொழியில் சொல்லிக்கொள்ளலாம். இன்னொன்றையும் மறக்காதீர்கள். கையால் ராடு வைத்து அடிக்கிற வெல்டர் எட்டு மணி நேரம் நின்றால் ஆர்க் எரிவது இரண்டு, இரண்டரை மணி நேரம்தான். மீதி ராடு மாற்றுவது, கசடு தட்டுவது, கிரேனுக்குக் காத்திருப்பது. எட்டு மணி நேரமும் ஆர்க் எரியும் என்று கணக்குப் போட்டு ரேட் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். இப்போது அவர்கள் வேறு தொழிலில் இருக்கிறார்கள்.

எந்தக் கிலோ என்பதையும் கேளுங்கள். டிராயிங் எடையா, தராசு எடையா, வெட்டுக் கழிவு சேருமா, போல்ட் சேருமா? ஆளுக்கு ஆள் இதில் பதில் மாறும்.

ஒற்றைக்கிரேன்

திட்டிய மறுநாளே ஏன் காண்ட்ராக்ட் தருகிறார் என்று கேட்டீர்கள் அல்லவா? நான்கு பிரேமை மறுபடி செய்த செலவு இந்த முறை அவருடையது. அடுத்த முறை உங்களுடையது. அவ்வளவுதான் விஷயம். அவரைக் குறை சொல்லவில்லை, நானும் இப்போது அப்படித்தான் கொடுக்கிறேன்.

என் கதையும் கேளுங்கள். முதன்முதலாக எடுத்தது ஒரு மெஷின் மேடை, ஏணியோடு. பாதி வேலையில் வாடிக்கையாளர் தரப்பு இன்ஜினியர் வந்து, "ஏணி இந்தப் பக்கம் வேண்டாம், அந்தப் பக்கம் மாற்றிடுங்க, பார்த்துக்கலாம்" என்றார். மாற்றினேன். ஏணி மாறினால் கிராதியின் திறப்பு மாறும், அடியில் தாங்கல் மாறும். ஆறு ஆள், நான்கு நாள். பில் போடும்போது அந்த இன்ஜினியர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் டிராயிங்கைக் காட்டி, "ஏணி தப்பான பக்கம் இருக்கே" என்றார். கூலி கிடைக்காதது ஒரு பக்கம், தப்புச் செய்தவன் என்ற பெயரும் எனக்குத்தான். கடைசித் தவணையில் பிடித்துவைத்த தொகை இன்னும் வந்தபாடில்லை.

அன்றிலிருந்து கார்பன் தாள் வைத்த நோட்டு ஒன்று சட்டைப்பையில் இருக்கும். தேதி, என்ன மாற்றம், யார் சொன்னது, எத்தனை ஆள் எத்தனை நாள் கூடும். கையெழுத்து விழுந்த பிறகுதான் கட்டிங். கையெழுத்துக்கு முகம் சுளிப்பவர் பில்லுக்கும் சுளிப்பார், அதை முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லதுதானே. வேலையே இல்லாமல் ஆள் உட்காரும் நாளையும் அதே நோட்டில் எழுதுவேன். கிரேன் வரவில்லை, பொருள் வரவில்லை, பெர்மிட் வரவில்லை. அன்றைக்கும் ஆளுக்குச் சம்பளம் நான்தான் தரவேண்டும்.

பொருள் அவர்கள் தந்தால், வந்த நீளம், உபயோகித்த நீளம், மிச்சத் துண்டு எல்லாவற்றுக்கும் கணக்கு வையுங்கள். முடிவில் "இரண்டு சேனல் குறையுது" என்று ஒரு பேச்சு கண்டிப்பாக வரும்.

தீக்காவல்

ஒருவரும் தொடாத விஷயத்தை நான் சொல்கிறேன். சூப்பர்வைசர் என்றாலும் காண்ட்ராக்டர் என்றாலும், ஆளுக்கு அடிபட்டால் முதலில் உங்களைத்தான் கேட்பார்கள். எல்லாவற்றையும் எழுத இங்கே இடமில்லை, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

சின்ன கிரைண்டரின் கவசத்தைக் கழற்றிவிட்டு 230 மி.மீ டிஸ்க் மாட்டுவது. தேய்ந்த பெரிய டிஸ்க்கை வீணாக்க வேண்டாமே என்று செய்வார்கள். 230 டிஸ்க்குக்குரிய வேகம் நிமிடத்துக்கு 6,600 சுற்று அளவில், விளிம்பு அப்போதே விநாடிக்கு 80 மீட்டர் ஓடும். சின்ன கிரைண்டர் 11,000 சுற்று. முழு டிஸ்க்கை அதில் போட்டால் விளிம்பு வேகம் 130 மீட்டரைத் தாண்டும். உடைந்தால் துண்டு வயிற்றுக்கோ கழுத்துக்கோ வரும். கவசம் இல்லாத கிரைண்டரைப் பார்த்தால் நான் பேசுவதில்லை, பிளக்கைப் பிடுங்கிவிடுவேன்.

அடுத்தது ஆக்சிஜன். தொட்டிக்குள் வேலை செய்யும் ஆள் புழுக்கம் தாங்காமல் ஆக்சிஜன் குழாயை லேசாகத் திறந்துவிட்டுக்கொள்வான். அதில் துணி ஊறினால் ஒரு பொறி போதும், பற்றியதை அணைக்க முடியாது. அதே தொட்டிக்குள் வெல்டிங்குக்கு வைத்த ஆர்கான் வாயு கசிந்தால் நேர்மாறு, மூச்சுக்கு ஆக்சிஜன் இருக்காது. வாசனை இல்லை, இருமல் இல்லை, ஆள் அப்படியே சரிவான். காற்று வேண்டுமென்றால் ஊதுவிசிறி வையுங்கள், வெளியே ஓர் ஆளை நிறுத்துங்கள்.

துத்தநாக முலாம் பூசிய குழாயை அப்படியே அடித்தால் மாலையில் குளிர்ஜுரம் மாதிரி வரும். ஒன்றிரண்டு நாளில் போய்விடும் என்பதால் யாரும் சொல்லமாட்டார்கள். வெல்ட் வரும் இடத்தில் முலாமைத் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள், புகையை இழுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

வேலை முடிந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் தீ. பொறி எங்கேயோ இடுக்கில் விழுந்து புகைந்துகொண்டே இருக்கும். குறைந்தது அரை மணி நேரமாவது ஒருவர் அங்கே இருக்கவேண்டும், பல இடங்களில் ஒரு மணி நேரம் கேட்கிறார்கள். அந்த ஆளின் நேரத்தையும் ரேட்டில் சேருங்கள், கணக்குப்பிள்ளை இதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

கணக்குப்பிள்ளை

விட்டுவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன்.

லேத்துக்காரன்

நான் மெஷினிங் பக்கம், ஃபேப்ரிகேஷன்காரர்கள் எங்களுக்கு அனுப்புகிற பீஸ்களைப் பார்த்து நொந்தவன். ஒரே ஒரு விண்ணப்பம்: அளவு டேப்.

முனைக் கொக்கி ஆடுகிறது என்று பூஜ்யத்துக்குப் பதில் நூறு மில்லிமீட்டர் கோட்டிலிருந்து பிடிப்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் பிடிக்கிறவன் ஒருவன், மறுமுனையில் படிக்கிறவன் இன்னொருவன். நூறைக் கழித்தது யார்? இரண்டு பேரும் கழிப்பார்கள், இல்லையென்றால் இரண்டு பேரும் கழிக்கமாட்டார்கள். சரியாக நூறு குறைகிற பீஸைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும், வேறு வழியில்லை.

சுத்தியல்2

நான் ஒரு தடவை எட்டு துண்டு நூறு நூறு குறைத்து வெட்டியிருக்கிறேன். அவற்றை வைத்துப் பட்டறைக்கு நல்ல ஸ்டூல் செய்தோம்.

மூலைமட்டம்

ஹா ஹா. எல்லாப் பட்டறையிலும் அந்த ஸ்டூல் இருக்கிறது.

லேத்துக்காரன்

இன்னொன்று. வெயிலில் கிடந்த பீமை மதியம் அளந்து, மறுநாள் காலையில் வேறு டேப்பால் சரிபார்த்துச் சண்டை போடாதீர்கள். 10 மீட்டர் எஃகு 30 டிகிரி சூடானால் 3.6 மி.மீ நீளும். வெல்ட் ஆறுவதற்குள் எடுத்த அளவும் இதே கதைதான். வேலைக்கு ஒரு டேப்பைத் தலை டேப் என்று வைத்து, மற்றவற்றை வாரம் ஒருமுறை அதோடு ஒப்பிடுங்கள்.

கருப்புக்கண்ணாடி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லவேண்டும் இல்லையா?

டி-ஜாயின்ட் சோதனையைச் செய்தேன். அண்ணன் இரண்டையும் அவர் கையாலேயே போட்டார். ஆறியதும் நேர்ப்பட்டையை வைத்துக் குனிந்து பார்த்தார். 10 போட்டது நன்றாகவே தூக்கியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் டீக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். மறுநாள் காலை என் மேஜைக்கு வந்து, "அந்த ஃபில்லட் கேஜ் எங்கடா வெச்சிருக்கே?" என்றார். இப்போது அது அவர் பையில்தான் இருக்கிறது. முதல் பீஸ் சரிபார்க்கும் வேலையையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். என்னைவிடக் கறாராக இருக்கிறார்.

காண்ட்ராக்ட் விஷயத்தில், முழுசாகக் குதிக்கவில்லை. ஒரே ஒரு வேலை, லேபர் மட்டும். கிலோ வேண்டாம், வெல்ட் மீட்டரும் ஜாயின்ட் எண்ணிக்கையும் வைத்து ரேட் என்று கேட்டேன். முதலாளி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். இதுவரை இரண்டு மாற்றம் வந்தது. ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். இன்னொன்றுக்கு "அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள், அந்தப் பீஸை வெட்டாமல் ஓரமாக வைத்திருக்கிறேன். உள்ளுக்குள் உதறல்தான்.

இப்போது ஒரு சந்தேகம். நேற்று டிராயிங்கைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். (முகமூடி ஆணியில்தான் இருக்கிறது, சுத்தியல் அண்ணே.) ஒரு பிரேமில் சதுரக் குழாய், இரண்டு முனையும் பிளேட் வைத்து முழுசாக அடைப்பு. கீழே குறிப்பில், செய்து முடித்தபின் சூடான துத்தநாகக் குளியல் என்று இருக்கிறது. குழாயில் துளை எதுவும் காட்டவில்லை. அடைத்ததை அப்படியே அனுப்பலாமா?

பழையஃபிட்டர்

அனுப்பவே அனுப்பாதே. துத்தநாகத் தொட்டி 450 டிகிரி சூட்டில் இருக்கும். அடைத்த குழாய்க்குள் துளி ஈரம் இருந்தாலும் நீராவியாகி வெடிக்கும், தொட்டிப் பக்கத்தில் நிற்பவன் மேல் உருகிய உலோகம் தெறிக்கும். வெடிக்காவிட்டாலும் உள்ளே முலாம் ஏறாது, காற்று நிறைந்த குழாய் மிதக்கும்.

ஒவ்வொரு குழாயிலும் இரண்டு முனையிலும் துளை வேண்டும், ஒன்று மேல் மூலையில், இன்னொன்று எதிர்க்கோடியில் கீழ் மூலையில். தொங்கவிடும்போது ஒன்றில் துத்தநாகம் நுழைய, மற்றதில் காற்று போக. 10 மி.மீ-க்குக் குறையக்கூடாது, குழாய் பெரிதானால் துளையும் பெரிதாகவேண்டும். எப்படித் தொங்கவிடுவார்கள் என்று முலாம் போடுகிறவரிடம் கேட்டுவிட்டு இடத்தை முடிவு செய். அடைப்புப் பிளேட்டை வைப்பதற்கு முன்னாலேயே துளை போடு, பின்னால் போட்டால் டிரில் சீவல் உள்ளேயே கிடக்கும்.

ஒற்றைக்கிரேன்

துளை டிராயிங்கில் இல்லை. அதனால் நோட்டை எடுங்கள்.

கருப்புக்கண்ணாடி

எழுதி அனுப்பிவிட்டேன். கூடவே ஓரமாக வைத்திருந்த பீஸைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தேன். ஒரே தாளில் இரண்டுக்கும் கையெழுத்து வந்துவிட்டது. நாளைக் காலை டிரில் போடுகிறோம்.